ஜப்பானில் இருந்த சவேரிமுத்து

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ முறை எழுந்து போயிருக்கிறேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஒரு தடவை, கண்ணாடியைக் காணோம் என்று ஒரு தடவை. உண்மையான காரணம் பயம்தான். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. எட்டாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். ஞாயிறு பூசையும் சாயங்காலச் செபமாலையும் தப்பாமல் காலத்தை ஓட்டி வருகிறேன். அப்படிப்பட்டவள் இந்த மாதிரி ஒரு காரியத்தை எழுதலாமா, எழுதினால் என் தாய் தகப்பனைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். இப்போது அவர்கள் இரண்டு பேருமே இல்லை. அம்மாவின் தம்பி, என் மாமாவுக்கும் ஞாபகம் தடுமாற ஆரம்பித்துவிட்டது. போன வாரம் பார்க்கப் போயிருந்தபோது என்னைப் பார்த்து "எக்கா" என்று கூப்பிட்டார். என்னை அம்மா என்று நினைத்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், இடுப்பு விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் இல்லை. இனி இதைச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை. ஆகையால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாகச் சின்னச் சின்ன வீடுகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு முற்றம், முற்றத்து மூலையில் எப்போதாவது தண்ணீர் வரும் ஒரு குழாய். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலை. தொழிற்சாலை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டோம், ஆபீசுதான். அம்மா வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுவாள். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை ஒரு சட்டியில் பக்கத்திலேயே இருக்கும். மடிப்பாள், தாளைச் சுற்றுவாள், முற்றத்துப் பக்கமாக வீசுவாள். கண் வேறு எங்காவது இருக்கும், கை மட்டும் ஓடும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டிகளை வெயிலில் பரப்பிக் காய்ந்ததை அடுக்க வேண்டும். முற்றத்தில் யார் பெட்டி யார் இடத்தில் காய்கிறது என்பதில் வாரம் ஒரு சண்டை வரும்.

அந்த வருஷம் அம்மா சண்டைக்கும் போகவில்லை. யார் வந்து எங்கள் பெட்டிகளைக் காலால் ஒதுக்கினாலும் பேசாமல் இருந்தாள். அதற்கு முந்தின கோடையில் எனக்கு ஒரு தம்பி பிறந்து, பிறந்த அன்றைக்கே போய்விட்டான். என்னை அன்றைக்கு அடுத்த வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். தம்பி பிறந்திருக்கான் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, போயிட்டான் என்றார்கள். நான் முகம்கூடப் பார்க்கவில்லை.

இனிச் சொல்வது நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு அம்மா வாயால் கேட்டது. அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும் இங்கேயே சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும். பிள்ளை பிறந்ததுமே சரியாக மூச்சு விடவில்லை. அதற்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டுமே என்று அப்பா கோயிலுக்கு ஓடியிருக்கிறார். பங்குச் சாமியார் ஊரில் இல்லை. அவருக்கு அடுத்தபடி கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார், எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். அப்பா ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு அந்த வெயிலில் அவரைத் தேடிப் போய், வழியிலேயே பிடித்து, பின்னால் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உபதேசியார் நல்ல மனுஷர். வருத்தத்தில்தான் அதைச் சொன்னார். "ஏம்பா, ஆபத்துக்கு யாரும் ஊத்தலாமே. ஒரு கை தண்ணிய நீயே தலையில ஊத்தி, பேரைச் சொல்லி, மந்திரத்தைச் சொல்லியிருக்கலாமே." பிள்ளை கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குடத்தில் தண்ணீர் இருந்திருக்கிறது. அந்தக் குடத்தைத் தாண்டித்தான் அப்பா ஓடியிருக்கிறார். சாமியார், உபதேசியார் கைதான் வேண்டும் என்று எங்கள் ஆட்கள் எல்லாருமே நினைத்துக்கொண்டிருந்தோம். தப்பாகத் தொட்டுவிட்டால் தோஷம் என்று பயம்.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்பதால் கல்லறைத் தோட்டத்துக்குள், மந்திரித்த மண்ணில், இடம் கிடையாது. அந்தக் காலத்து வழக்கம் அது. மதிலுக்கு வெளியே, உடைமரம் நின்ற கரிசலில் புதைத்தார்கள். பேரும் வைக்கவில்லை. ஞானஸ்நானத்தில்தானே பேர் வைப்பது.

கரிசல் மண்ணைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கும். கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். அம்மா வெயில் தாழ்ந்ததும் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பூ வைத்த கல்லறைகள் தெரியும். நாங்கள் இந்தப் பக்கம் நிற்போம். அம்மா குனிந்து வெடிப்புகளில் மண்ணைத் தள்ளி மூடுவாள், மேலே தண்ணீரைத் தெளிப்பாள். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் இது என்ன வேலை என்று எனக்கு எரிச்சலாக வரும். "என்ன செடிம்மா வச்சிருக்க?" என்று ஒரு நாள் கேட்டேன். "ஒண்ணுமில்ல, நட" என்றாள்.

அந்த மாதிரி நாளில்தான் மாமா வந்து இறங்கினார். அம்மாவுக்கு நேர் இளையவர், தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலுக்குப் போனவர். அவர் வந்தால் வளவே கூடிவிடும், அவ்வளவு பேச்சு. அந்தத் தடவை கப்பல் ஜப்பானில் கோபே என்ற துறைமுகத்தில் பழுது பார்க்க வெகு நாள் நின்றுவிட்டதாம். அப்பாவுக்கு ஒரு பேனா, எனக்கு ஒரு சீப்பு. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் ஒரு தீப்பெட்டியை வைத்தார்.

"ஏலே, கோவில்பட்டிக்காரிக்கு அவ்வளவு தூரத்துல இருந்து தீப்பெட்டியா வாங்கிட்டு வந்த?" என்றாள் அம்மா. வெகு நாளைக்குப் பிறகு அவள் குரலில் ஒரு கிண்டலைக் கேட்டேன்.

"ஒட்டு எங்க இருக்குன்னு கண்டுபிடி பாப்போம்" என்றார் மாமா.

அவ்வளவுதான், பெட்டி கைக்குக் கை போனது. அடுத்த வீட்டு அத்தை ஆடு வளர்க்கிற குடும்பத்துக்காரி, பெட்டி ஒட்டுவதில் வளவிலேயே வேகமான கை. அவள் நகத்தால் சுரண்டினாள், மோந்து பார்த்தாள், ஓரத்தை நாக்கில்கூட வைத்துப் பார்த்தாள். "மயில்துத்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. என்னத்த வச்சு ஒட்டுனானுவ?" என்றாள். மெஷின் என்று யாரோ சொன்னார்கள். "மெசினு இங்கன வந்தா நம்ம கஞ்சிக்கு என்ன செய்ய?" என்று இன்னொரு குரல். குச்சியைக் கிழித்துப் பார்க்கலாம் என்றதற்கு அம்மா விடவில்லை. பெட்டியைத் திரும்ப வாங்கிய பிறகுதான் அதன் மேல் இருந்த படத்தைப் பார்த்தாள். ஒடுக்கமான ஒரு சந்து. இரண்டு பக்கமும் மர வீடுகள், ஒரு காகித விளக்கு. சந்து முனையில் பெட்டிக்கடை அளவுகூட இல்லாத ஒரு சின்ன மாடம், அதற்குள் கல்லில் ஏதோ ஒரு உருவம், கழுத்தில் சிவப்புத் துணி.

அது மாமா கோபேயிலிருந்து ஒரு நாள் போய்வந்த கியோட்டோ என்கிற ஊரில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கொடுத்த பெட்டி. மாமா முற்றத்து மண்ணில் ஈர்க்குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். "ஆயிரம் வருஷம் ராசா இருந்த ஊருக்கா. அதுல நடு ஊரு இருக்குல்லா, பழைய ஊரு, அது தாயக்கட்டம் போட்ட மாதிரி. குறுக்க பாத்தாலும் தெருவு, நெடுக்க பாத்தாலும் தெருவு. வீட்டு முகப்பு நம்ம வீட்டைவிடச் சின்னது. உள்ள போனா ரயில் பெட்டி கணக்கா போய்க்கிட்டே இருக்கும். அம்புட்டும் மரம். ஒரு குச்சி போதும், ஊரே போயிரும்."

"அப்ப நம்ம சரக்கு அங்கன ஓடாது" என்றாள் அத்தை.

அதற்காகத்தான் வீட்டுக்கு வீடு வாசலில் சிவப்பு வாளியில் தண்ணீர் வைத்திருப்பார்களாம், நம் ஆபீசு வாசலில் தொங்குகிற மாதிரியே. விடிந்ததும் பெண்கள் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பார்களாம். "நாமளுந்தான் தெளிப்போம், குழாயில வந்தா" என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். கூட்டும்போது பக்கத்து வீட்டு வாசலிலும் ஒரு சாண் சேர்த்துக் கூட்டுவார்களாம், அதற்கு மேல் போக மாட்டார்களாம். தன் வாசலோடு நிறுத்தினால் மனசில்லாதவள் என்று ஆகிவிடும். நிறையக் கூட்டினால் நீ சோம்பேறி என்று குத்திக்காட்டியது போல ஆகிவிடும்.

"இங்கன ஒரு சாண் தாண்டுனா பஞ்சாயத்துல்லா கூடும்" என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அம்மா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது யாருலே? சின்னப் பிள்ள மாதிரி மூஞ்சி வச்சிக்கிட்டு?"

மாமா பேச்சு வேகத்திலேயே சொல்லிக்கொண்டு போனார். அந்த நடு ஊரில் சந்துக்குச் சந்து அப்படி ஒன்று நிற்கும். அந்தச் சந்துக்காரர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பிறந்த உடனே போய்விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் ஒரு காய்ந்த ஆற்றில் நின்றுகொண்டு கல்லை அடுக்கிக்கொண்டே இருப்பார்களாம். அக்கரைக்குப் போக முடியாதாம். இந்தக் கல்லுச்சாமி வந்து அவர்களைத் தன் அங்கிக்குள் சேர்த்துக்கொள்ளுமாம். "அதனால தாய்மாருக செகப்புத் துணி தச்சு அது கழுத்துல கட்டுவாவ. தலையில அகப்பையால தண்ணி..."

அங்கே வந்ததும் மாமாவுக்கு உறைத்துவிட்டது. நிறுத்தி, ஈர்க்குச்சியால் போட்ட கோடுகளை அழிக்கத் தொடங்கினார்.

"சொல்லு" என்றாள் அம்மா. "தலையிலயா ஊத்துவாவ?"

"ஆமாக்கா."

"பேரு வைக்காத பிள்ளைகளையும் சேத்துக்கிடுமாமா?"

"எல்லாப் பிள்ளைகளையுந்தான்னு சொன்னான். நான் கண்டனா? கப்பல் பட்டறையில வேலை பாக்குத ஒருத்தன் இங்கிலீசுல சொன்னது."

அதற்கு மேல் அம்மா கேட்கவில்லை. கூட்டமும் கலைந்துவிட்டது. நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். காய்ந்த ஆற்றில் கல் அடுக்குகிற பிள்ளைகளுக்குக் கூலி உண்டா என்று மாமாவிடம் கேட்க நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

மாமா இருந்த நாட்களில் அம்மா ஒரு காரியம் செய்தாள். எனக்குக் கிறிஸ்மஸுக்கு எடுத்த சிவப்புப் பாவாடை ஒன்று இருந்தது. வளர்கிற பிள்ளை என்று அடியில் பெரிய மடிப்பு வைத்துத் தைத்திருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட்டால் கணுக்கால் வரை இறங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் அம்மா அந்த மடிப்பை வெட்டி எடுத்திருக்கிறாள். நான் அழுதேன். "ஏட்டி, சத்தம் போடாத" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். உள்ளங்கை அகலத்தில் அரைவட்டமாக வெட்டி, ஓரம் மடித்துக் கையாலேயே தைத்து, இரண்டு பக்கமும் நாடா வைத்தாள். பசை காய்ந்து வெடித்த அவள் விரல்களில் ஊசி அடிக்கடி மாட்டிக்கொண்டது. தைத்து முடித்து மாமாவிடம் கொடுத்தாள்.

"கட்டி, தண்ணிய ஊத்திட்டு வா. வேற ஒண்ணும் வேண்டாம்."

"எக்கா, கப்பல் எங்க போகும்னு கப்பல்காரனுக்கே தெரியாது. அத்தானுக்குத் தெரிஞ்சா?"

"அவியளுக்குத் தெரிய வேண்டாம்."

வழி கண்டுபிடிக்க அந்தத் தீப்பெட்டியையும் கொடுத்தாள். மாமா இரண்டையும் தன் தகரப் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அப்போதுதான்.

மாமா பயந்ததில் நியாயம் இருந்தது. எனக்கு ஒருமுறை காய்ச்சல் விடாமல் அடித்தபோது அடுத்த வீட்டு அத்தை அவர்கள் அம்மன் கோயிலில் மந்திரித்த கயிறு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கட்டினாள். அப்பா வேலை விட்டு வந்து, அரிவாள்மணையில் வைத்து அறுத்துப் போட்டார். நம்முடைய ஆண்டவர் ஒருவர்தான், அதில் அப்பாவுக்கு ஒரு இம்மியும் விட்டுக்கொடுப்பு கிடையாது. ஆனால் தம்பி போனதிலிருந்து அவர் கோயிலில் முன்னால் போய் முழந்தாளிடுவதில்லை. வாசலை ஒட்டிப் பின்னால் நிற்பார். பூசையில் நன்மை அப்பம் வாங்கவும் போவதில்லை. வேலை செய்த களைப்பு என்று நான் நினைத்துக்கொள்வேன். அம்மாவும் அப்பாவும் வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவதே இல்லை. என்னை நடுவில் வைத்துத்தான் சோறும் குழம்பும் பரிமாறப்பட்டது.

மாமா புறப்பட்ட அன்று அப்பா சைக்கிள் கேரியரில் தகரப் பெட்டியைக் கட்டித் தள்ளிக்கொண்டு வர, மாமாவும் நானும் கூட நடந்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு வாகைமரம் உண்டு. அங்கே அப்பா சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார்.

"மாப்ள, பெட்டியத் திற."

மாமா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். அவர் பெட்டியைத் திறந்தார். அப்பா நேராகச் சட்டைகளுக்கு அடியில் கையை விட்டு அந்தச் சிவப்புத் துணியை எடுத்தார். எடுத்து விரித்தார், தையலைப் பார்த்தார், நாடாவை இழுத்துப் பார்த்தார். கிழித்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போனதுதான் போயிற்று, திரும்ப என் பாவாடையிலேயே வைத்துத் தைக்கச் சொல்வாரா என்றும் ஒரு ஆசை இருந்தது.

"உங்க அக்கா தச்சுக்கிட்டு இருந்ததப் பாத்தேன். அவ என்னையப் பாக்கல" என்றார். துணியை மடித்தார். மடித்து மறுபடியும் பெட்டிக்குள்ளேயே வைத்தார். "தண்ணி ஊத்தும்போது சும்மா ஊத்தாத. சொல்லி ஊத்து."

"என்னத்தச் சொல்ல அத்தான்?"

அப்பா ஞானஸ்நான மந்திரத்தைச் சொன்னார். உபதேசியாரிடம் கேட்டுக் கேட்டு அதை அவர் மனப்பாடம் செய்திருக்கிறார் போல. ஒவ்வொரு சொல்லாக, எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரிச் சொன்னார். "சவேரிமுத்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன். சொல்லு."

மாமா சொன்னார். அப்பா திரும்பச் சொல்லச் சொன்னார். பஸ் வந்து நின்று ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், இவர்கள் இரண்டு பேரும் நடுரோட்டில் மந்திரம் சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

"அத்தான், அது கல்லு" என்றார் மாமா மெதுவாக.

"கல்லுன்னு எனக்குத் தெரியாதா? இங்கன பக்கத்துல தண்ணி இருந்துச்சு, நான் ஊத்தல. இனி எங்க ஊத்துனா எங்க போய்ச் சேரும்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். நீ ஊத்து."

"சவேரிமுத்துன்னா?"

"நம்ம கடக்கரையில ஊரு ஊராப் போய் ஞானஸ்நானம் கொடுத்த புனிதர் அந்த நாட்டுக்கும் போயிருக்காருன்னு சாமியார் பிரசங்கத்துல சொன்னாரு. அவருக்குத் தெரிஞ்ச இடந்தான். அவர் பேரே இருக்கட்டும்."

பஸ் போன பிறகும் அப்பா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைச் சைக்கிள் கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு வீட்டுக்கு மிதித்தார். நான் அந்தக் கம்பியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஜப்பானில், தாயக்கட்டம் மாதிரித் தெருக்கள் உள்ள அந்தப் பழைய ஊரில், சவேரிமுத்து என்று நமக்கு வேண்டிய ஒருவர் இருக்கிறார். அவர் நம் வேதத்துக்கு வரப்போகிறார். மாமா போய் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போகிறார். அதற்குப் போடத்தான் என் பாவாடைத் துணி. அவ்வளவு சிறிய துணி எப்படிப் பற்றும் என்று ஒரு சந்தேகம் வந்தது. ஜப்பான்காரர்கள் குள்ளம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள், அதனால் அதுவும் தீர்ந்தது.

அடுத்த நாளே வகுப்பில் சொல்லிவிட்டேன், எங்களுக்கு ஜப்பானில் ஆள் இருக்கு என்று.

மாமா திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் மழை பெய்தது, வெடிப்புகள் தானாக மூடின, மறுபடி கோடை வந்து மறுபடி திறந்தன. அம்மா செம்பைத் தூக்கிக்கொண்டு போனாள். என் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மாமா வந்த அன்று வளவில் கூட்டம் சேரவில்லை. மத்தியான வெயில், எல்லாரும் உள்ளே இருந்தார்கள். அம்மா பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். மாமா அவள் எதிரில் உட்கார்ந்தார். அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை, வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டு வந்தேன்க்கா" என்றார் மாமா.

அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒசாகா என்ற துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் விடுப்புக் கேட்டு ரயில் ஏறியிருக்கிறார். அன்று மழை. நடு ஊரில் எல்லாச் சந்தும் ஒரே மாதிரி. தீப்பெட்டியைக் காட்டிக் காட்டிக் கேட்டிருக்கிறார். பெட்டியைப் பார்த்தவர்கள் எல்லாம் அவருக்குத் தீ வேண்டும் என்று நினைத்துச் சிகரெட் பற்ற வைக்க உதவினார்களாம். கடைசியில் மழை விட்ட நேரத்தில் வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, விளக்குமாறைச் சாத்தி வைத்துவிட்டுக் கூடவே நடந்து வந்திருக்கிறாள்.

"நான் கட்டுனது மூட்டை கட்டுன மாதிரி இருந்துச்சு போல. அவிய அவுத்து, திரும்ப அழகா முடிச்சுப் போட்டாவ. பழைய துணியக் கழத்தல. அதுக்கு மேலயே கட்டியாச்சு. அகப்பைய எடுத்து என் கையில தந்தாவ. நான் நிக்கேன், நிக்கேன், வாயே வர மாட்டேங்குது. கப்பல்ல அம்பது பேருக்கு நடுவுல பாட்டுப் பாடுதவன் நான். ஆளுக போயிட்டு வந்துட்டு இருக்காவ. அந்த அம்மா தள்ளி நின்னு கையெடுத்துக் கும்பிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாவ. அப்புறந்தான் சொன்னேன். சொல்லி ஊத்துனேன்."

அம்மாவின் கை மடித்துக்கொண்டே இருந்தது. தாளைச் சுற்றியது, வீசியது.

"முடிஞ்சதும் அவிய என்னையப் பாத்துக் கையால கேட்டாவ, எம்புட்டுப் பிள்ளைன்னு. நான் இப்படிக் காட்டுனேன்." மாமா முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை காட்டினார். "அவியளும் கைய அதே மாதிரி வச்சுக் காட்டுனாவ. அவியளுக்கும் ஒண்ணு போயிருக்கும் போல."

அப்பா வாசல்படியிலிருந்து திரும்பவில்லை. "பேரைச் சொன்னியா?" என்று கேட்டார்.

"சொன்னேன் அத்தான்."

அம்மாவின் கை நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி மடித்த அட்டை அவள் மடியில் விழுந்தது. அப்பாவின் முதுகை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தப் பேரை?"

"சவேரிமுத்து" என்றார் அப்பா.

அம்மா அந்தப் பேரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சத்தமாக இல்லை. உதடு மட்டும் அசைந்தது. பெரியவர்கள் யாரும் அவரைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு தூரம் போய் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், சுகம் விசாரிக்க வேண்டாமா? எனக்குத் தெரிந்த மரியாதையை நான் செய்தேன்.

"சவேரிமுத்து சௌக்கியமா இருக்காகளா மாமா?"

மாமா என்னைப் பார்த்தார். அப்பா வாசல்படியில் உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பினார். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

"நல்லா இருக்கானாம்" என்றார்.

"துணி பத்துச்சா அவுகளுக்கு?"

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சு மருமவளே" என்றார் மாமா.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. என் பாவாடையை வெட்டியதற்கு இப்போதுதான் வருத்தப்படுகிறாள் என்று நினைத்து, "போட்டும்மா, பரவாயில்ல" என்று சொன்னேன். அப்பா எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பசை ஆடை கட்டிவிட்டது என்று சொல்லி, சட்டியை எடுத்துக் குச்சியால் கலக்கிக் கொடுத்தார். பெட்டி ஒட்டுகிற இடத்தில் அப்பா உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் அம்மா மதில் பக்கம் போவதை நிறுத்தவில்லை. அப்பாவும் கூடப் போனார். செம்பை அவர் தூக்கிக்கொண்டார், என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு ஒரு வேலை குறைந்தது. ஜப்பானில் ஆள் இருக்கு என்று நான் வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். கிறிஸ்மஸ் வரும்போதெல்லாம் அவருக்கு லீவு கிடைக்காதோ என்று கேட்பேன். வீட்டில் யாரும் என்னைத் திருத்தவில்லை.

இப்போது சாமியார்கள் ஞானஸ்நானம் ஆகாமல் போகிற பிள்ளைகளை ஆண்டவர் இரக்கத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அன்றைக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. என் அப்பா செய்தது சரியா, அது செல்லுமா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை, கேட்கவும் போவதில்லை. படிக்கிறவர்களிடம் ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். கல் கண் திறந்தது, கனவில் வந்தது என்று சேர்க்காதீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அது கல் என்று என் அப்பா சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஊற்றச் சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். ஒரு சிறுபிள்ளை விவரம் தெரியாமல் சுகம் விசாரித்தாள், அதற்கு அவள் தகப்பன் பதில் சொன்னார், அவர் மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் நடந்தது.